கம்பி முடிச்சு

ஒன்பதாம் நம்பர் படகைக் கோழிக்கூட்டுக்கு மேலிருந்து இறக்கிவிட்டார்கள் என்று கேள்விப்பட்ட அன்றே எனக்குப் பிடிக்கவில்லை. அது கவிழ்ந்தபடியே கிடந்திருக்கலாம். இத்தனை வருசமாகக் கோழிகளுக்குக் கூரையாக இருந்தது. அப்போது ஒருவருக்கும் கெடுதல் செய்யவில்லை.

எங்கள் ஈச்சமலைத் தோட்டம் அப்புத்தளை மலைவரம்புக்கு உட்புறம் இருக்கிறது. பெக்டரி மெசினைத் தண்ணீரால் சுற்றுவதற்காக வெள்ளைக்காரன் ஓடையை மறித்துக் குளம் கட்டினான். பிறகு கரண்டு வந்ததும் குளம் சும்மா கிடந்தது. சும்மா கிடக்கிற எதையும் தொரைமார் விடமாட்டார்கள். என் தகப்பன் காலத்தில் பெக்டரியைப் பார்த்துக்கொண்ட ஒரு தொரை, இரண்டு பேர் ஏறிப் பந்தயம் விடுகிற பாய்ப்படகு ஒன்றைக் காகிதத்தில் வரைந்து, தேயிலைப் பெட்டி அடிக்கிற கொட்டகையிலேயே செய்வித்தான்.

அதைச் செய்யப் படகுத் தச்சன் தேவையில்லை. அதுதான் அவன் கெட்டித்தனம். வளைத்த மரம் கிடையாது. தட்டையான ஒட்டுப்பலகையை வெட்டி ஓரத்தோடு ஓரம் சேர்த்தால் அடிப்பாகம் வந்துவிடும். பெட்டி அடிக்கத் தெரிந்தவனுக்கு அதுவும் ஒரு பெட்டிதான். முதல் படகைத் தேயிலைப் பெட்டிப் பலகையிலேயே செய்தார்கள். அது ஒரே மழையில் ஏடு ஏடாகக் கழன்றது. அப்புறம் கொழும்பிலிருந்து நல்ல பலகை வந்தது. உட்காருகிற இடத்துக்கு அடியில் இரண்டு பக்கமும் காற்றை அடைத்த அறை வைத்தான், கவிழ்ந்தாலும் மிதப்பதற்கு. நடுவில் ஒரு பலகையைத் தண்ணீருக்குள் இறக்கலாம், படகு பக்கவாட்டில் தள்ளுப்படாமல் இருப்பதற்கு. பாய் மட்டும் பெரிது, தம்பி போட்ட அண்ணன் சட்டை மாதிரி. காலையில் குளத்தில் காற்றே இருக்காது, அதற்காக அப்படி வைத்தானாம். மத்தியானத்துக் காற்றை யோசித்தானா என்று எனக்குத் தெரியாது.

படகுக்குக் கச்சான் என்று பெயர் வைத்தார்கள். ஆடி ஆவணியில் பெரகலப் பக்கமிருந்து ஏறி, வரம்பைத் தாண்டி, எங்கள் தலையில் காய்ந்து விழுகிற காற்றின் பெயர் அது. வரம்பில் மானாப்புல் படுத்துவிட்டால் காற்று இறங்கப்போகிறது என்று அர்த்தம். எங்கள் லயத்து வரிசை வீடுகளில் இருக்கிற சனம் அந்தக் காற்றுக்குப் பயந்து கூரைத் தகரத்தின் மேல் கல்லை ஏற்றும், கம்பியால் இழுத்துக் கட்டும். ஆட்டுக்குட்டியைக்கூடக் கட்டிப்போடும். கூரை பறக்காத பங்களாவில் இருப்பவன்தான் அதைப் படகுக்குப் பெயராக வைப்பான்.

மற்றத் தோட்டங்களும் அதே போலச் செய்துகொண்டன. எல்லாம் ஒரே அளவு, ஒரே எடை, ஒரே பாய். ஒரு படகு மற்றதைவிட இலேசாக இருந்தால் ஈயக்கட்டி வைத்து ஆணி அடித்துச் சரிக்கட்டுவார்கள். ஒருத்தனை ஒருத்தன் நம்பாதவர்கள் போட்ட சட்டம். அந்தப் படகில் எனக்குப் பிடித்தது அது ஒன்றுதான்.

பின்னால் உட்காருகிற தொரை சுக்கானையும் பெரிய பாயின் கயிற்றையும் பிடிப்பான். முன்னால் உட்காருகிறவன் சின்னப் பாயைப் பார்ப்பான், காற்று ஏறினால் வெளியே சாய்ந்து தன் உடம்பின் பாரத்தால் படகை நிமிர்த்துவான். அந்த இடத்துக்கு லயத்திலிருந்து ஆள் பிடித்தார்கள். பாரக்காரன் என்று அவனுக்குப் பெயர். படகின் ஒவ்வொரு பலகைக்கும் சட்டம் இருந்தது. பாரக்காரனுக்கு நீச்சல் தெரியவேண்டும் என்று சட்டம் இல்லை. வென்ற தொரைமாரின் பெயரெல்லாம் பங்களாவின் கிளப் அறைச் சுவரில் இருக்கிறது. பாரக்காரன் ஒருவன் பெயரும் இல்லை.

ஒன்பதாம் நம்பரின் பாரக்காரன் என் அண்ணன் வீரபத்திரன்.

நாங்கள் கம்பிக்காரர்கள். மேல்மலைக் கொழுந்தைச் சாக்கில் கட்டி, கம்பியில் தொங்கவிட்டு, பள்ளத்துக்கு மேலாகப் பெக்டரிக்கு அனுப்புவது எங்கள் வேலை. நடுவழியில் சாக்கு கழன்றால் கீழே போகிறவன் செத்தான். அதற்கென்று ஒரு முடிச்சு உண்டு. இழுக்க இழுக்க இறுகும், நனைந்தால் கல்லாகிவிடும். தகப்பன் அண்ணனுக்குக் காட்டினார், பிறகு எனக்கும் காட்டினார். மேலே கட்டுவதோடு எங்கள் வேலை முடிந்தது. கீழே பெக்டரியில் கத்தியால் அறுப்பார்கள்.

அண்ணன் செத்தது ஓர் ஆவணி மாதம். தண்ணீரில் விழுந்துவிட்டான், தொரை தேடியும் கிடைக்கவில்லை என்று பெரிய கங்காணி வந்து சொன்னார். தொரை தேடியிருக்கமாட்டான், விட்டுவிட்டுத் தான் மட்டும் கரையேறியிருப்பான் என்றுதான் நான் அன்று முதல் நம்பினேன். அண்ணனைச் சாக்கில் சுற்றித்தான் லயத்துக்குக் கொண்டுவந்தார்கள். தகப்பன் மட்டும் பிரித்துப் பார்த்தார். உடனே திரும்பச் சுற்றிவிட்டார். அதற்குப் பிறகு அவர் கம்பி வேலைக்கே போகவில்லை, புல்லு வெட்டப் போய்விட்டார். துக்கம் என்று நினைத்தேன்.

தோட்டத்தை அரசாங்கம் எடுத்தது, தொரைமார் போனார்கள். கச்சான் படகுகளில் ஒன்று மாட்டுக்குத் தண்ணீர்த் தொட்டியானது, ஒன்றில் உரம் கலந்தார்கள், சிலது அடுப்புக்குப் போனது. ஒன்பது கோழிக்கூட்டுக்குக் கூரையானது. இப்போது பங்களா ஓட்டலாகிவிட்டது. எல்ல என்ற ஊர்ப் பக்கம் போகிற வெள்ளைக்காரர்கள் இங்கேயும் வந்து இரண்டு நாள் தங்குகிறார்கள். எவனோ ஒருவன் சுவரிலிருந்த பெயர்களைப் பார்த்துக் கதை கேட்டிருக்கிறான். அவ்வளவுதான். கச்சானை மறுபடியும் தண்ணீரில் இறக்குவோம், மற்ற ஊர்களில் மிஞ்சிய படகுகளையும் வரவழைத்து ஆவணியில் பந்தயம் வைப்போம் என்று கிளம்பிவிட்டார்கள்.

பண்டாரவளைக் கடைக்காரர் ஒருவருடைய மகன் ஹஸீப் ஓட்டலில் படகுகளுக்குப் பொறுப்பு. அவன் ஒன்பதின் சுக்கானைப் பிடிப்பதாக முடிவானது. முன்னால் உட்காரப் போவது என் மகள் ஜீவராணி.

எங்களுக்குப் பிந்திப் பிறந்த ஒரே பிள்ளை. ஓட்டலில் வேலை செய்கிறாள்.

"ஒன்பதுலதான் போவணுமா? வேற படகு இல்லையா?" என்றேன்.

"மத்தது ரெண்டும் இன்னும் ஒட்டி முடியலப்பா. ஒன்பது நல்லாருக்கு. பதுளைத் தச்சரு முன்ஸிப் நானா பார்த்துப் பார்த்துச் செஞ்சிருக்காரு."

"அது ஒன் பெரியப்பன முழுங்கின படகு."

"படகு எப்பிடி முழுங்கும்? காத்து கவுத்துச்சு, அவருக்கு நீச்சல் தெரியல. எனக்குத் தெரியும்."

"எங்க படிச்ச? ஓட்டல் தொட்டியில."

"தொட்டியிலயும் தண்ணிதான் ஊத்துறாங்க."

அடுப்படியிலிருந்து என் பெண்சாதி வேலாயி சிரித்தாள். "அப்பன் வாயி அப்பிடியே வந்திருக்கு."

"நீ சிரி. நாளைக்கு அழுவுறதும் நீதான்."

ஜீவராணி தாயைப் பார்த்துவிட்டு என் பக்கம் திரும்பினாள். பிறகு சொன்னாள்: "இப்ப ரெண்டு பேரு பேரையும் சுவத்துல எழுதுவாங்களாம்பா. முன்னுக்கு உக்கார்ற ஆளு பேரையும். நாங்க மொதல்ல வந்தா, வீரபத்திரன் மகள்னு... இல்ல, தம்பி மகள்னு போடச் சொல்லுவேன்."

சுவரில் எழுதின பெயர் தண்ணீரில் மிதக்குமா என்று கேட்க நினைத்தேன்.

ஹஸீப் ஒரு நாள் லயத்துக்கே வந்தான். மரியாதையான பையன்தான். மரியாதையான ஆட்களிடம் எனக்குக் கூடுதல் சந்தேகம்.

"ஐயா, ஒண்ணுக்கும் பயப்பட வேணாம். லைப் ஜாக்கெட் போடுறோம். மோட்டர் போட் ஒண்ணு நிக்கும்."

"அது நேத்து எத்தன இழுப்புல ஸ்டார்ட் ஆச்சு தம்பி?"

அவன் தலையைச் சொறிந்தான். "நீங்க பாத்தீங்களா?"

"வேற என்ன வேல எனக்கு."

"அத சரி செய்றோம். கச்சானுக்கு மொத சட்டமே ஒண்ணு ஈக்குது ஐயா. பாய்க் கயிற எதுலயும் கட்டக்கூடாது, கையிலதான் புடிக்கணும். காத்து திடீருன்னு விழுந்தா கைய விட்டுருவேன். விட்டா படகு தானா நிமிரும். படகச் செஞ்சவரு அதுல பாய்க் கயிறு மாட்டுற கொக்கி ஒண்ணுகூட வெக்கல்ல. எல்லாம் அவுந்து போகணும், ஆளும் அவுந்து போகணும். அதுதான் கணக்கு."

அவன் போன பிறகும் அந்தப் பேச்சு எனக்குள் கடித்துக்கொண்டே இருந்தது. இந்த மலையில் கட்டாத எதுவும் நின்றதில்லை. கட்டாத தகரம் பறந்து ஆளை வெட்டியிருக்கிறது. அண்ணனைக் கட்டியிருந்தால் தொரை விட்டுவிட்டு வந்திருக்க முடியுமா? படகு மிதக்கும் என்றுதானே காற்று அறை வைத்தான். படகோடு சேர்த்துக் கட்டினால் ஆளும் மிதந்திருப்பான்.

பந்தயத்துக்கு முதல் நாள் மகளிடம் கயிற்றைக் காட்டினேன்.

"இடுப்புல ஒரு நுனி, படகுல ஒரு நுனி. கட்டிக்கிட்டுப் போறதுன்னா போ. இல்லன்னா ஓட்டல் வேலையும் வேணாம், ஒண்ணும் வேணாம்."

"ஹஸீப் பாத்தா ஏத்தமாட்டாருப்பா."

"சட்டைக்கு உள்ள கட்டுறேன். அந்தப் படகுல கயித்துக்கா பஞ்சம்? அதோட அதா கெடக்கும்."

"கட்டக்கூடாதுன்னுதான் சொல்லித் தந்தாங்க."

"யாரு சொல்லித் தந்தா? தண்ணிய நேத்து பாத்தவங்க."

அவளுக்குப் போகவேண்டும். அந்த ஆசை முகத்தில் தெரிந்தது. ஆசை இருக்கிறவனிடம் எதையும் ஒப்புக்கொள்ள வைக்கலாம், கங்காணிமார் எங்களுக்குச் செய்தது அதுதான். "நீளமா விடுங்க" என்று மட்டும் சொன்னாள்.

வேலாயிக்குப் பயம் வேறு மாதிரி. தண்ணீரில் போன மூத்தார், அதாவது என் அண்ணன், அங்கேயே நிற்கிறார், கன்னிப் பெண்ணைப் பார்த்தால் பின்னால் வருவார் என்று அவளுக்கு எண்ணம். பேய்க்கு இரும்பு ஆகாது. தேயிலைச் செடியைக் கவ்வாத்து வெட்டி உடைந்த கத்தியின் முனை ஒன்றைச் சாணை பிடித்துச் சீலைத்துணியில் சுற்றி மகளின் இடுப்பில் செருகிவிட்டாள்.

"பேயி கத்திக்குப் பயந்தா கவ்வாத்துக்காரன் ஒருத்தனும் பேயடிச்சுச் சாகமாட்டான்" என்றேன்.

"ஒங்க கயித்த ஒங்களோட வெச்சுக்குங்க. என் இரும்ப ஒண்ணும் சொல்லாதீங்க."

காலையில் படகைப் பார்க்கிற சாக்கில் கரைக்குப் போனேன். முன்பக்க மூடிப் பலகைக்கு அடியில் படகைக் கட்டுகிற இரும்பு வளையம் ஒன்று இருந்தது. கையை உள்ளே விட்டு, கண்ணால் பார்க்காமலே கட்டினேன். இந்தக் கை அதை மறக்கவில்லை. மகள் நீலச் சட்டையோடு ஏறி உட்கார்ந்ததும், ஹஸீப் பாயைப் பார்த்துக்கொண்டிருந்த நேரத்தில், மறு நுனியைச் சட்டைக்குள் விட்டு அவள் இடுப்பில் கட்டினேன். அதுவும் கம்பி முடிச்சுதான். இழுத்துப் பார்த்தேன், அசையவில்லை. எனக்கு அப்போதுதான் மூச்சு வந்தது.

குளத்தில் எட்டுப் படகுகள் நின்றன. வெள்ளைப் பாய்களின் நெற்றியில் கறுப்புப் பருந்து, அது கச்சானின் அடையாளம். காலையில் காற்று இல்லை. பாய்கள் காயப்போட்ட சீலை மாதிரி தொங்கின. பெரிய மனிதர்கள் பேசி முடித்து, விசில் ஊதும்போது வெயில் உச்சிக்கு வந்துவிட்டது.

பதுளைத் தச்சன் முன்ஸிப் என் பக்கத்தில் வந்து குந்தினார். என் வயதுக்குக் கொஞ்சம் இளையவர். கருவிப்பெட்டியைக் காலடியில் வைத்தார்.

"எப்பிடி அண்ணே, நம்ம புள்ள?" என்றார். ஒன்பதைத்தான் சொன்னார்.

"பாத்தா நல்லாத்தான் இருக்கு. பொணத்துக்கும் அலங்காரம் பண்ணினா நல்லாத்தான் இருக்கும்."

"நல்ல வாயி ஒங்களுக்கு." அவர் சிரித்தார். "வேல லேசில்ல தெரியுமா. பலகையெல்லாம் கழட்டிட்டேன், சும்மா வந்துச்சு. முன்னுக்கு வளையத்துல ஒரு துண்டுக் கயிறு மாட்டிக்கிட்டு நிண்டுச்சு பாருங்க, அத மட்டும் அவுக்க ஏலாமப் போச்சு. ஊசி விட்டுப் பாத்தேன், எண்ணெ போட்டுப் பாத்தேன். கடைசியில வளையத்தையே அறுத்துட்டுப் புது வளையம் வெச்சேன். இப்பிடி ஒரு முடிச்ச நான் பாத்ததில்ல. வீட்டுல காட்டுவம்டு எடுத்து வெச்சேன்."

பெட்டியைத் திறந்து எடுத்தார். துருப்பிடித்த வளையம். அதில் கறுத்துக் கல்லான ஒரு முடிச்சு. முடிச்சிலிருந்து ஒரு சாண் கயிறு நீட்டிக்கொண்டிருந்தது, நுனி நேராக வெட்டுப்பட்டிருந்தது.

அதைக் கையில் வாங்கவேண்டிய அவசியம் எனக்கு இல்லை. இரண்டு சுற்று, ஒரு குறுக்கு, உள்ளே போய் மறுபடியும் உள்ளே. கடைசிச் சுற்றை இடப்பக்கம் தள்ளுவது எங்கள் தகப்பனின் பழக்கம். அது இடப்பக்கம் தள்ளியிருந்தது.

அண்ணன் விழவில்லை. தன்னைத்தானே கட்டிக்கொண்டுதான் போயிருக்கிறான். படகு தலைகீழானபோது அதன் அடியில் கிடந்து அந்த முடிச்சை அவிழ்க்கப் பார்த்திருக்கிறான். எங்களில் ஒருவனும் அதை அவிழ்த்ததில்லை. யாரோ அறுத்திருக்கிறார்கள். தொரையாகத்தான் இருக்கும். சாவதற்கு முன்னால் அறுத்தானா, செத்த பிறகு அறுத்தானா, அது அவனுக்குத்தான் தெரியும். சாக்கைப் பிரித்தபோது அண்ணனின் இடுப்பில் தகப்பன் எதைப் பார்த்தார் என்பது எனக்கு அந்தக் கரையில்தான் விளங்கியது.

"என்ன அண்ணே, மூஞ்சி ஒரு மாதிரி போகுது?"

"அவள இறக்கச் சொல்லுங்க."

"யார?"

"என் மகள. கட்டியிருக்கேன். நான் கட்டியிருக்கேன். இதே முடிச்சு."

முன்ஸிப் என் முகத்தையும் வளையத்தையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு எழுந்து, மோட்டர் போட்டில் இருந்தவனைப் பார்த்துக் கையை வீசிக் கத்தினார். அவன் எங்களுக்குக் கையை ஆட்டிச் சிரித்தான். உற்சாகப்படுத்துகிறோம் என்று நினைத்திருப்பான்.

நான் வரம்பைப் பார்த்தேன். மானாப்புல் படுத்துக்கொண்டிருந்தது. மேலிருந்து கீழாக, யாரோ மலையைத் தடவிக்கொண்டு வருவது போல.

முதலில் தூரத்துப் படகுகள் சாய்ந்தன. பாய்க் கயிறுகளை விட்டார்கள், பாய்கள் படபடவென்று அடித்துக்கொண்டன, படகுகள் நிமிர்ந்தன. ஹஸீப் சொன்னது பொய்யில்லை. ஒன்பது முன்னால் போய்க்கொண்டிருந்தது, மகள் வெளியே சாய்ந்து கிட்டத்தட்ட படுத்திருந்தாள். அழகாகத்தான் இருந்தது. காற்று அவர்களுக்கு நேரே வராமல் பின்னாலிருந்து சுற்றி விழுந்தது. பெரிய பாய் ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கத்துக்கு அறைந்தது. ஹஸீப் கயிற்றை விட்டுவிட்டான், குனிந்து மறுபக்கம் போனான். மகளும் தாவவேண்டும். தாவினாள்.

பாதியில் நின்றாள். நடுப்பலகை இறங்குகிற பெட்டியில் என் கயிறு சுற்றிக்கொண்டது. கட்டின ஆட்டைப் போல இழுபட்டு, சாய்ந்த பக்கத்திலேயே விழுந்தாள். அவள் பாரம் எந்தப் பக்கம் இருக்கக்கூடாதோ அந்தப் பக்கம் இருந்தது. பாய் தண்ணீரைத் தொட்டது, நனைந்தது, அமிழ்ந்தது. பிறகு படகு மெதுவாகத் திரும்பி வயிற்றைக் காட்டியது. முன்ஸிப் பூசின புது வெள்ளை, கோழிக்கூட்டின் மேல் கிடந்த அதே கிடை.

ஹஸீப் மேலே வந்தான். சுற்றிப் பார்த்தான். அவள் பெயரைக் கூப்பிட்டான். ஜாக்கெட்டைக் கழற்றி எறிந்துவிட்டு உள்ளே போனான், மறுபடியும் வந்தான், மறுபடியும் போனான். மோட்டர் போட்காரன் கயிற்றை இழுத்தான், இழுத்தான், என்ஜின் இருமிவிட்டு நின்றது. வேலாயி கரையில் எங்கேயோ இருந்தாள், அவள் சத்தம் மட்டும் கேட்டது. நான் தண்ணீருக்குள் நடந்துகொண்டிருந்தேன் போலிருக்கிறது. முன்ஸிப் என் சாரத்தையும் கையையும் சேர்த்துப் பிடித்து இழுத்தார்.

"ஒங்களுக்கு நீச்சல் தெரியுமா?"

"விடுங்க."

"ரெண்டு பேர தேட ஏலாது அண்ணே. நில்லுங்க."

காற்று எங்கள் காதுக்குள் கத்திக்கொண்டிருந்தது. படகின் அடி அசையவில்லை. அந்த வெள்ளைப் பலகைக்கு அந்தப் பக்கம் அவள் விரல்கள் என் முடிச்சைக் கிள்ளிக்கொண்டிருப்பதை நான் பார்க்காமலே பார்த்தேன். நனைந்த கயிறு. நகம் இறங்காது.

அவள் படகின் மறுபக்கத்தில் வந்தாள். முதலில் ஒரு கைதான் தெரிந்தது, அதில் இரத்தம். ஹஸீப் பாய்ந்து போய்த் தலையைத் தூக்கிப் பிடித்தான். என்ஜின் அதற்குப் பிறகுதான் பிடித்தது.

கரையில் போட்டபோது இருமினாள், வாந்தி எடுத்தாள், பிறகு எழுந்து உட்கார்ந்தாள். உள்ளங்கை குறுக்காகப் பிளந்திருந்தது. கைப்பிடியில்லாத கத்தியை அழுத்திப் பிடித்தால் அப்படித்தான் பிளக்கும். வேலாயி சீலைத் தலைப்பால் அந்தக் கையைச் சுற்றிக்கொண்டே, மூத்தார் விட்டுட்டாரு, விட்டுட்டாரு என்று சொல்லிக்கொண்டிருந்தாள். மகளின் இடுப்பிலிருந்து அறுந்த கயிறு ஒன்று சேற்றில் கிடந்தது. ஹஸீப் அதைப் பார்த்தான், நுனியைத் தூக்கினான். பிறகு என்னைப் பார்த்தான். நுனியைக் கீழே போட்டான்.

"அவுத்துவிடுங்க" என்றாள் ஜீவராணி.

நான் அவள் முன்னால் மண்டியிட்டு முடிச்சைப் பிடித்தேன். இறுகிப்போயிருந்தது. இரண்டு விரலால் கிள்ளினேன், பல்லால் இழுத்தேன். அவள் வயிறு என் நெற்றியில் பட்டுப் பட்டு மூச்சு விட்டது.

"ஒங்களுக்கே அவுக்கத் தெரியாதாப்பா?"

"தெரியாது."

"தெரியாமலா கட்டினீங்க?"

"கட்டத்தான் பழக்கினாங்க."

முன்ஸிப் உளியைக் கொண்டுவந்து, அவள் தோலில் படாமல், கொஞ்சம் கொஞ்சமாக அறுத்தார். கயிறு விழுந்ததும் அவள் எழுந்து தாயோடு நடந்தாள். என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை.

கை ஆறியதும் வேலைக்குப் போனாள். ஒன்பதை மறுபடியும் நிமிர்த்தி, கழுவி, பாய் கட்டிவிட்டார்கள். பந்தயத்தை முடிக்கவில்லை, அதனால் இந்த மாதத்துக்குள்ளேயே, இன்றைக்கு, திரும்ப வைக்கிறார்கள். யார் முன்னால் உட்காருவது என்று வீட்டில் பேச்சு வரவில்லை. காலையில் அவள் அந்த நீலச் சட்டையைப் பைக்குள் வைத்தபோது எனக்குத் தெரிந்துவிட்டது. வேலாயி கத்தி முனையைத் துணியில் சுற்றிக் கொடுத்தாள். மகள் அதை வாங்கிச் செருகிக்கொண்டாள். நான் சுவரோரம் நின்றேன். என்னிடம் கொடுக்க ஒன்றும் இல்லை.

ஹஸீப் இப்போது என்னைப் படகுக்குக் கிட்டே விடுவதில்லை. நியாயம்தான், நான் அவனாக இருந்தாலும் விடமாட்டேன். கரையில் தூரமாக உட்கார்ந்திருக்கிறேன். அவள் முன்னால் ஏறி உட்கார்ந்து, காயப்பட்ட கையைத் தொடையில் துடைத்துக்கொண்டு, சின்னப் பாயின் கயிற்றைச் சும்மா பிடித்திருக்கிறாள். எதிலும் சுற்றவில்லை. குளம் கண்ணாடி மாதிரி கிடக்கிறது. எல்லாரும் காற்று எங்கே என்று கேட்கிறார்கள்.

நான் வரம்பைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். புல் படுக்கத் தொடங்கிவிட்டது.